உபயம் ஒட்டிய பெட்டிகள்

உடைந்த தேங்காய் வெயிலில் புளிக்கும் வாசனை. கார்க் கண்ணாடியை இறக்கியதும் முதலில் உள்ளே வந்து உட்கார்ந்தது அதுதான். இளநீரின் இனிப்பும் போய், கள்ளாகவும் மாறாமல், இரண்டுக்கும் நடுவில் நின்று நாறும் வாசனை. பினாங்கில் இறங்கிய சூடு ஆறவில்லை, மனம் திண்டுக்கல்லுக்குத் திரும்பிவிட்டது.

எங்கள் தெருவில் ஒரு காலிமனை உண்டு. ஆயுதபூஜைக்கு மறுநாள் ஊரார் உடைத்த பூசணியும் தேங்காயும் வாடிய வாழைக்கன்றும் அங்கேதான் வந்து சேரும். 'இங்கே குப்பை கொட்டாதீர்' என்று யாரோ நட்ட பலகை கழுத்துவரை புதைந்துபோய், 'இங்கே' என்ற ஒரு சொல் மட்டும் வெளியே தெரியும். வா, வா, இங்கே என்று கூப்பிடுவதுபோல இருக்கும். அந்தச் சொல்லை விட்டு இரண்டு கடல் தாண்டி வந்தால், வாசனை எனக்கு முன்பே வந்து காத்திருக்கிறது.

"ரதம் வருதுண்ணே. இனிமே காடி நகராது," என்றார் டிரைவர். அந்த ஊர்த் தமிழர்களுக்குக் கார் என்றால் காடி. "இந்த ஓடு இருக்குல்ல, டயர்ல ஏறிச்சுன்னா..." வாய் மூடவில்லை, புஸ்ஸென்று சத்தம். இறங்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார், நான்தான் ஓட்டைக் கொண்டுவந்து போட்டதுபோல. "நடந்து போயிருங்கண்ணே. இதுக்கு மேல முருகன் விட்ட வழி."

பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தேன். தைப்பூசத்துக்கு முந்தைய நாள் அது. சாலையின் இரு மருங்கிலும் தேங்காய்கள் குன்று குன்றாய்க் குவிந்து கிடந்தன. சீனக் குடும்பங்கள் முழுக்க, பாட்டன் முதல் பேரன் வரை, நெற்றியில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு, ரதம் நெருங்கும்போது ஆளுக்கு இரண்டு கையாலும் வீசி உடைத்தார்கள். தெரு வெள்ளையாயிற்று. வெள்ளை நொடியில் சேறாயிற்று. பிறகு மஞ்சள் இயந்திரம் ஒன்று தாடையை விரித்துக்கொண்டு வந்து அத்தனையையும் வாரி விழுங்கியது. பின்னாலேயே துடைப்பக்காரர்கள். ரதத்தின் சக்கரம் வந்தபோது சாலை கழுவிய தட்டுபோல் இருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் எங்கள் ஊரைக் கடந்து போன மறுநாள் நெடுஞ்சாலை எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். பாக்குமட்டைத் தட்டும் தண்ணீர்ப் பாக்கெட்டும் பக்தியின் காலடிச் சுவடாக மைல் கணக்கில் கிடக்கும்.

ரதம் போனது. திரும்பிப் பார்த்தேன். கழுவிய தட்டில் அதற்குள் பிளாஸ்டிக் டம்ளர்கள் உருண்டுகொண்டிருந்தன. சாமிக்காகத்தான் கூட்டினார்கள். சாமி நகர்ந்துவிட்டார், அவ்வளவுதான்.

*

கலா என் சித்தப்பா மகள். செல்வத்தைக் கட்டிக்கொண்டு பினாங்குக்கு வந்து பாதி ஆயுள் ஆகிறது. செல்வம் அக்கரையில் பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். என்னை வாய் நிறைய மச்சான் என்பார். இந்தத் தைப்பூசத்துக்கு என்னை வரச்சொல்லிக் கலா போன் போட்டபோது காரணத்தை ஒளிக்கவில்லை. "என் பக்கம் ஒரு ஆள் வேணும்ணே. இங்க எல்லாரும் அவுங்க பக்கமே நிக்குறாங்க."

தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் சாலையில் அவளுடைய தண்ணீர்ப் பந்தல். மலையேறும் பக்தர்களுக்குச் சோறும் மோரும் கொடுக்கும் தகரக் கூரை. அது நிற்பது ஒரு சீனருடைய வீட்டு வாசலில். ஆ ஹோக் என்று பெயர். ஊரே அங்கிள் என்கிறது. பல வருஷம் முன்னே இவள் மகன் மோட்டார் சைக்கிளோடு விழுந்து கிடந்தது அந்த வாசலில்தான். அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆம்புலன்ஸ் வரும்வரை உட்கார்ந்திருந்தவர் அங்கிள். பையன் பிழைத்தான், இப்போது சிங்கப்பூரில் வேலை. பையன் கண் திறந்த அன்று கலா வேண்டிக்கொண்டாள்: என் உயிர் உள்ளவரை, அவன் விழுந்த அதே இடத்தில், தைப்பூசத்துக்குச் சோறு போடுவேன். அங்கிள் கேட்டைத் திறந்துவிட்டார். குழாய்த் தண்ணீர் அவருடையது, விளக்குக்குக் கரண்டு அவருடையது.

சென்ற வருஷம்தான் வினை. வாசலை ஒட்டி ஓடும் மூடியில்லாத சாக்கடையை அங்கே லோங்காங் என்கிறார்கள். சோற்றுப் பெட்டிகளும் பைகளும் அதை அடைத்துக்கொள்ள, மறுநாள் பெய்த மழை வீட்டுக்குள் திரும்பியது. கீழ் அறையில் அங்கிளின் மனைவி எழுந்து நடமாட முடியாமல் படுத்திருக்கிறார். எச்சில் தண்ணீர் கட்டில் கால்வரை வந்து நின்றது.

"சண்டையே போடல," என்றாள் கலா. "போட்டிருந்தாகூட மனசு ஆறியிருக்கும். இன்னும் ஒரு வருஷம் பாப்போம், லோங்காங்ல ஒரு பெட்டி கெடந்தாலும் இனிமே வேணாம்னு மட்டும் சொன்னாரு."

ஆகவே அவள் இந்த வருஷம் பெட்டியே இல்லை என்று முடிவுசெய்துவிட்டாள். செல்வத்துக்கு அதில் மனமில்லை. கல்யாண மண்டபம் ஒன்றிலிருந்து சில்வர் தட்டுகளும் டம்ளர்களும் அடுக்கடுக்காக இரவல் வந்திருந்தன. எச்சிலைத் தட்ட ஒரு வாளி, சோப்புக்கு ஒன்று, அலச ஒன்று, கடைசியாகக் கொதிநீர். சாப்பிடுகிறவர்கள் உட்கார நீளப் பலகைகள். தோழிகள் நாலு பேர் ரப்பர் கையுறையோடு தயார். நான் அலசுகிற வாளிக்கு நியமிக்கப்பட்டேன்.

அங்கிள் அப்போது சாக்கடைக்குள் இறங்கி நின்றிருந்தார். அரைக்கால் சட்டை, சுருக்கம் விழுந்த முழங்கால். பந்தலுக்குக் கீழ்ப்புறம் கம்பி வலை ஒன்றைக் குறுக்கே கட்டிக்கொண்டிருந்தார். மலாயில் என்னைக் கேட்டதைக் கலா சொன்னாள்: "உங்க ஊர்ல சாக்கடையெல்லாம் எப்டின்னு கேக்குறாரு."

"எங்க ஊர்ல சாக்கடைக்குன்னு தனியா இடம் கெடையாது, தெருவிலேயே போகும்னு சொல்லு."

"அத சொல்ல மாட்டேன் போண்ணே. மானம் போயிரும்." அவரிடம் வேறு என்னவோ சொன்னாள். அவர் தலையாட்டி என்னைப் பார்த்த பார்வையில் ஒரு மரியாதை வந்து சேர்ந்தது. எங்கள் ஊரைப் பற்றி அவள் என்ன சொன்னாளோ, நான் கேட்கவில்லை.

*

தைப்பூசக் காலை. மலையடிவாரம் முழுக்க மஞ்சள். காவடிகள் மிதந்து வந்தன. வேல் குத்திய வாய்கள், வெறித்த கண்கள், பால்குடம் தாங்கிய பெண்களின் தாங்காத கழுத்துகள். அழகுதான். ஆனால் அலசுகிற வாளியின் பின்னால் உட்கார்ந்தவனுக்கு உலகம் இடுப்புக்குக் கீழேதான் தெரியும். நான் கைகளைப் பார்த்தேன். ஒவ்வொரு விரலிலும் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. பந்தல் பந்தலாக வாங்கியவை. சிலர் நடந்துகொண்டே பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். பிரியாணி என்றால் மூடிப் பைக்குள் போனது. மீகூன் என்கிற அரிசிச் சேமியா என்றால் மூடி, சாலை நடுவேலியின் மேல் வைக்கப்பட்டது. வைத்தார்கள், எறியவில்லை. அதை இங்கே சொல்லியாக வேண்டும். படையல் வைக்கிற பணிவோடு, மெல்ல, நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனார்கள்.

எங்கள் பந்தலில் சாம்பார் சாதமும் உருளைக்கிழங்குப் பிரட்டலும். கலாவின் கைப்பக்குவம் கடல் தாண்டியும் கெடவில்லை. அந்த ஊர் மிளகாயின் இனிப்பு மட்டும் அதில் ஓர் ஓரமாகக் குடியேறியிருந்தது. முதலில் வந்தவர்கள் பலகையில் உட்கார்ந்து வாயாரச் சாப்பிட்டார்கள். ஒரு சர்தார் குடும்பம் தட்டைத் தாமே கழுவி வைத்தது. அங்கிள் வந்தார், கையால் பிசைந்து சாப்பிட்டார், மனைவிக்கு ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். கலா என் பக்கம் திரும்பிக் கண்ணடித்தாள். சின்ன வயதில் திருட்டு மாங்காய்க்குப் பிறகு அவள் எனக்குக் கண்ணடித்தது அன்றுதான்.

பட்டுச்சேலை கட்டிய ஒரு பெண் வந்தாள், பின்னால் கூட்டமாகக் குடும்பம். "அக்கா, பொங்குஸ் இல்லையா?" கட்டிக்கொடுக்கிற சோற்றுக்கு அங்கே அதுதான் பெயர்.

"இங்கியே உக்காந்து சாப்பிடு தங்கச்சி. தட்டு கொதிதண்ணியில கழுவி வெச்சிருக்கு."

"காடி தூரமா போட்டிருக்கோம்கா. கையில வாங்கிட்டோம்னா நடந்துகிட்டே இருப்போம்லா."

"சாப்பிடத்தானே சோறு? நடக்கிறதுக்கா?"

அவள் சிரித்தாள், கோபமில்லை. குடும்பம் அப்படியே நகர்ந்து பக்கத்துப் பந்தலுக்குப் போயிற்று. அதன் பிறகு வந்தவர்கள் எல்லோருமே அந்தப் பெண்தான். பட்டுச்சேலைகள் மாறின, மீசைகள் மாறின, கேள்வி மாறவில்லை. ஒருவர் தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, "யார் யார் வாய் வெச்சதோ," என்று வைத்துவிட்டுப் போனார். கடைத்தெருவில் தினமும் எவர் வாய்வைத்த கிளாசிலோ டீ குடிக்கிற மனிதர்தான். சாமி காரியத்தில் மட்டும் சுத்தம் வந்துவிடுகிறது.

பக்கத்துப் பந்தலில் ஆளுயர ஒலிபெருக்கி. சினிமாக் குத்துக்கு நடுவே மைக் பிடித்தவன் வேடிக்கைக்காரன். "பக்தகோடிகளே, அங்க சாப்பிட்டா பாத்திரம் தேய்க்கணுமாம்! நம்மகிட்ட அப்டி இல்ல, வாங்குங்க, போய்க்கிட்டே இருங்க!" கூட்டம் கொல்லென்று சிரித்தது. எங்கள் கையுறைத் தோழிகளில் ஒருத்தியும் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

உச்சி வெயில் சாய்ந்தபோது இரண்டு அண்டாக்கள் மூடி திறக்கப்படாமல் நின்றன. செல்வம் பந்தல் காலைப் பிடித்தபடி சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். தொழிற்சாலைத் தோழர்கள் வருகிற நேரம். "பாருங்க மச்சான். அங்க ஜனம் அப்புது. நாம ஈ ஓட்டுறோம். நான் இனி எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு..." முடிக்காமல் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

திரும்பியபோது பின்னால் ஒரு வேன் வந்தது. வேனில் பழுப்பு அட்டைப் பெட்டிகள், கூரைவரை. அவசரத்துக்கு எங்கோ வாங்கியவை அல்ல. ஒவ்வொரு மூடியிலும் பளபளவென்று ஒரு ஸ்டிக்கர். வேல் ஒரு மூலையில், மயில் ஒரு மூலையில். நடுவில் மகனின் படம், கோட்டு போட்டது. கீழே சிவப்பு எழுத்தில்: 'நேர்த்திக்கடன். உபயம்: செல்வம் கலாவதி குடும்பத்தார்.'

கலா ஒரு பெட்டியை எடுத்தாள். மகனைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

"எப்ப அடிச்சது இது?"

"சும்மா ஒரு பாதுகாப்புக்குத்தான்லா. வேணாம்னா அப்டியே வெச்சிருக்கலாம்னு..."

"எப்ப?"

"தீபாவளிக்கு அப்பறம்."

"அப்ப நான் தட்டு கேட்டு மண்டபம் மண்டபமா நாயா அலைஞ்சப்ப, உங்க கையில இது இருந்துச்சு."

"நீ பேசுறது எல்லாம் சரிதான், கலா. ஆனா சோறு? இங்கப் பாரு, ரெண்டு அண்டா." செல்வத்தின் குரல் உடைந்தது, நடிப்பில்லை. "உன் பையன் பேர்ல வடிச்ச சோறு. சாயங்காலம் கெட்டுரும். அத எங்க கொண்டு கொட்டுவ? அதுவும் குப்பைதானே? முருகன் கேக்க மாட்டானா?"

நான் அவள் பக்கம் நிற்க வந்தவன். விமானம் ஏறி, டயர் வெடித்து, அதற்காகவே வந்தவன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சோற்றைக் கொட்டு என்று என்னால் சொல்ல முடியவில்லை. எங்கள் சாதியில், ஊரில், வீட்டில், எவராலும் சொல்ல முடியாத சொல் அது. தெருவை நாறடிக்கலாம், குளத்தை மூடலாம், பிறர் வீட்டுக் கட்டில்வரை எச்சிலை அனுப்பலாம். அண்டாச் சோற்றைக் கவிழ்க்க மட்டும் கை வராது. பெட்டியில் போட்டுக் கொடுத்துவிட்டால் அது நம் கையை விட்டுப் போயிற்று. சாலை நடுவேலியில் வைக்கிறவன் வேறொருவன்.

கலா அகப்பையை எடுத்தாள். முதல் பெட்டியில் அவளே போட்டாள், அளவு குறையாமல், உருளைக்கிழங்கை ஓரமாக வைத்து. "லோங்காங்ல போடாதீங்க, அந்தா தொட்டி இருக்கு," என்று ஒவ்வொரு கைக்கும் சொல்லிக் கொடுத்தாள். சரிக்கா, சரிங்க, ஓகேலா. எல்லா வாயும் நல்ல வாய். வரிசை நீண்டது. மைக் பிடித்தவன் எங்கள் வரிசையைப் பார்த்துப் பாட்டின் சத்தத்தைக் கூட்டினான். செல்வத்தின் தோழர்கள் வந்து படம் எடுத்துக்கொண்டார்கள். என் வாளித் தண்ணீர் அதன்பின் அழுக்காகவேயில்லை. மேகம் தெரிகிற அளவுக்குத் தெளிந்து கிடந்தது.

பொழுது சாய்வதற்குள் அண்டாக்கள் காலி. அருகிலிருந்த தொட்டிகள் வயிறு புடைத்து, வாயில் நுரைதள்ளி நின்றன. அவற்றைச் சுற்றிலும், அவற்றுக்குப் போகும் வழியிலும், பெட்டிகள். நானும் கலாவும் இருட்டும்வரை பொறுக்கினோம். பொறுக்கிக்கொண்டிருக்கும்போதே எங்களைத் தாண்டிப்போன ஒருவர், பாதி தின்ற பெட்டியை என் பைக்குள் போட்டு, "தேங்க்ஸ்ணே," என்றார். சம்பளக்காரன் என்று நினைத்திருப்பார். கூட்டம் எங்களைத் தள்ளிக்கொண்டு கரை சேர்த்தது. சாக்கடைக்குள் வெளிச்சம் இல்லை, அதற்குள் பார்க்காமலே வந்துவிட்டோம்.

*

மறுநாள் நான் ஊர் திரும்ப வேண்டும். போகிற வழியில் அங்கிளுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றாள் கலா. செல்வம் வண்டியை ஓட்டினார். பந்தல்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் இயந்திரங்கள் வந்துவிட்டன. எங்கெங்கோ பிறந்த கூலிக்காரர்கள் எங்கள் பக்தியைக் கோணிகளில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலத்துக்குள் சாலை பளிச்சென்று ஆகிவிடும். ஆகிவிடும் என்பதுதான் வினையே. அள்ளுகிறவன் இருக்கிறான் என்று தெரிந்த கைக்கு எறிவதில் என்ன தயக்கம்? எங்கள் காலிமனையில் அள்ள ஆளில்லை. அங்கும் கை தயங்கவில்லை. அப்படியானால் ஆளில் இல்லை அது, கையில் இருக்கிறது.

அங்கிள் வீட்டு மதில்மேல் ஏதோ வரிசையாக வெயில் காய்ந்துகொண்டிருந்தது. தூரத்திலிருந்து பார்க்க, அப்பளம் காயவைத்தாற்போல் இருந்தது. கிட்டே போனதும் செல்வம் வண்டியைத் தானாக நிறுத்திவிட்டார்.

பெட்டி மூடிகள். கழுவித் துடைத்து, ஒன்றன்மேல் ஒன்று படாமல், மதிலின் நீளம் முழுக்க. ஒவ்வொன்றிலும் கோட்டு போட்ட மகன் சிரித்துக்கொண்டிருந்தான். சிலதில் மை கரைந்து ஒரு கண் இல்லை. உபயம் மட்டும் எல்லாவற்றிலும் நன்றாகப் படிக்க முடிந்தது.

அங்கிள் சாக்கடையிலிருந்து ஏறி வந்தார். கம்பி வலையில் சிக்கியிருந்த மற்றவர்களின் பெட்டிகளும் பைகளும் கறுப்புக் கோணியில் கட்டிக் கேட்டோரம் கிடந்தன. ஊர்க் குப்பை ஊர்க் குப்பையாகப் போகக் காத்திருந்தது. எங்களுடையதை மட்டும் அவர் பிரித்தெடுத்திருந்தார்.

கலா பொங்கல் தூக்குச்சட்டியை நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "ஆன்ட்டி எப்டி இருக்காங்க?" என்று மலாயில் கேட்டாள். தூங்குகிறாள் என்றார். செல்வம் இறங்கி வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அங்கிள் அவர் தோளில் கை வைத்தார், வேண்டாம் என்பதுபோல. அந்தக் கை ஈரமாக இருந்ததில் செல்வத்தின் வெள்ளைச் சட்டையில் ஐந்து விரலும் பதிந்தன.

பிறகு அவர் மூடிகளை மதிலிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, முகம் முகத்தோடு உரசாமல் அடுக்கிக் கலாவின் கையில் வைத்தார். அவள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கேட்டை மெதுவாகச் சாத்திவிட்டு, கம்பிகளுக்கு அப்பால் நின்று அவர் மலாயில் சொன்னதை, விமானநிலையம் வரும்வரை கலா எனக்குச் சொல்லவில்லை. என் பெட்டியை இறக்கிவைத்து, போயிட்டு வரேன் என்று நான் சொன்னபோதுதான் சொன்னாள்.

"இவன் தலைய மடியில வெச்சிருந்தவன் நான், இவன் மூஞ்சியக் குப்பையில போட என்னால முடியல, நீயே எடுத்துட்டுப் போன்னாரு அண்ணே. அடுத்த வருஷம் வராதன்னாரு."